அயலார் உணவும் நம் அடுப்பங்கரையும்

நன்றாகச் சமைக்கத் தெரிந்த குடும்பப் பெண் ஒருவர் தம் கைப்பக்குவத்தையே தொழிலாக்கிக்கொள்ள முடியுமா என்னும் வினா, அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்துச் சங்கங்களுக்கு நாம் ஆய்வுக்குச் செல்லும்போதெல்லாம் இப்போது தவறாமல் எழுகிறது. தறியில் வரும் கூலி குடும்பத்துக்குப் போதாத நெசவாளர் வீட்டிலும், கீரையையும் கத்தரிக்காயையும் விடியுமுன் மூட்டை கட்டிக் கோயம்பேட்டுக்கு அனுப்பிவிட்டு, கிடைத்த விலையைப் பெற்றுக்கொள்ளும் விவசாயி வீட்டிலும் இந்த எண்ணம் ஏறக்குறைய ஒரே சமயத்தில் தோன்றியிருக்கிறது. "நம்ம சாப்பாட்டைச் செய்ய ஆயிரம் பேர் இருக்காங்க சார். வடக்கேயிருந்து வந்த பிள்ளைங்களுக்கு அவங்க ஊர்ச் சாப்பாட்டைச் செஞ்சு கொடுத்தா என்ன?" என்று ஓர் அங்கத்தினரின் மனைவியார் நம்மைக் கேட்டார். கேள்வி நியாயமானது. ஆயினும் இதற்கு ஆம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல்லில் விடை கூறுவதற்கில்லை. சிலர் எவ்வாறு செய்தனர் என்பதையும், நாமே உடனிருந்து பார்த்த ஒரு முயற்சி எவ்வாறு முறிந்தது என்பதையும் அறிந்த பிறகே விடை கூற இயலும்.

நமது வட்டாரத்துக்கு அயலார் புதியவர் அல்லர். 1955 ஆம் ஆண்டில் காங்கிரஸ் மகாசபை ஆவடியில் கூடி, சோஷலிச மாதிரிச் சமுதாயம் பற்றிய தீர்மானத்தை நிறைவேற்றியபோது, நாட்டின் எல்லா மூலைகளிலிருந்தும் பிரதிநிதிகள் இங்கே வந்திருந்தனர். அவர்கள் சில நாட்களில் திரும்பிவிட்டனர். ஆனால் 1961 இல் அமைந்த கனரக வாகனத் தொழிற்சாலையும், விமானப் படை நிலையமும், மத்திய ரிசர்வ் போலீஸ் படை முகாமும் கொண்டுவந்து சேர்த்த மக்கள் குடும்பத்தோடு தங்கினர். 1964 இல் தொடங்கிய அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்கு முதலில் நம் மாவட்டங்களிலிருந்தும், பின்னர் ஒடிசா, பீகார், வங்காளம், அசாம் முதலிய தொலைதூர மாநிலங்களிலிருந்தும் தொழிலாளர் வந்தனர். இவ்விளைஞர்கள் ஓர் அறையில் ஆறேழு பேராகத் தங்கி, ஷிப்டு முடிந்து வந்தபின் சோறும் உருளைக்கிழங்கும் வேகவைத்து உண்டு உறங்குவதை நம் அங்கத்தினர் பலர் தம் வீட்டு மாடியிலேயே கண்டிருப்பார்கள். வாடகை வாங்குகிறோம், அவர்கள் என்ன உண்கிறார்கள் என்று கேட்டதில்லை.

கேட்டால் வியப்படைவோம். ஒடிசா மக்கள் விரும்பி உண்ணும் 'பக்காள்' என்பது முதல் நாள் சோற்றில் நீரூற்றிப் புளிக்கவைத்த நமது பழைய சோறேயாகும். அவர்கள் அதற்கென மார்ச்சு 20 ஆம் நாளை ஒதுக்கிக் கொண்டாடவும் செய்கிறார்கள். நாமோ பழைய சோற்றை விருந்தினர் கண்ணில் படாமல் மறைக்கிறோம்! 'தால்மா' என்பது பருப்போடு வாழைக்காய், பூசணி, கத்தரி, பப்பாளிக்காய் முதலியவற்றைச் சேர்த்து வேகவைத்தது. நம் கூட்டுக்கு ஒன்றுவிட்ட சகோதரி எனலாம். பீகார் மக்களின் 'சத்து' வறுத்த கடலையை அரைத்த மாவு. நமது சத்துமாவோடு பெயர் ஒலிக்கிறதே தவிர, சொல் வேறு. அம்மாவை உப்பும் வெங்காயமும் சேர்த்து நீரில் கரைத்துக் குடித்தால் வெயில் நேரத்தில் பாதி உணவு ஆகிவிடுகிறது. கோதுமை உருண்டைக்குள் வைத்து நெருப்பில் சுட்டால் 'லிட்டி' ஆகிறது. ஆக, பொருள்களில் பெரும்பாலானவை நம் வயலிலும் மளிகைக் கடையிலும் உள்ளவையே. வேறுபடுவது எண்ணெயும், தாளிப்பும், புளியின் அளவும். இந்தச் சிறு வேறுபாட்டில்தான் தொழிலின் நுட்பம் முழுவதும் அடங்கியிருக்கிறது என்பதைப் பின்னர்க் காண்போம்.

அயல்நாட்டு வீட்டுச் சமையல் சென்னைத் தெருவில் தொழிலான வரலாறு ஒன்று நம் அருகிலேயே இருக்கிறது. 1962 மார்ச்சில் பர்மாவின் ஆட்சியை இராணுவம் கைப்பற்றியது. தொடர்ந்து வங்கிகளும் வாணிப நிலையங்களும் தேசியமயமாயின. 1964 மே மாதத்தில் ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் செல்லா என அறிவிக்கப்பட்டன. தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்ந்த தமிழ்க் குடும்பங்கள் சேர்த்த பொருளை விட்டுவிட்டுக் கப்பலேறிச் சென்னைத் துறைமுகத்தில் வந்திறங்கின. வியாசர்பாடி முதலிய இடங்களில் குடியமர்ந்த அவர்களுக்குச் சொந்த நாடு என்று பெயர். தெரிந்தவரோ மிகச் சிலர். 1969 இல் கடற்கரை இரயில் நிலையத்தருகே பர்மா பஜார் ஏற்பட்டது. சுங்கத்தார் பறிமுதல் செய்ய முடியாத உடைமை ஒன்று அக்குடும்பங்களிடம் இருந்தது. அதுதான் இரங்கூன் தெருக்களில் உண்டு பழகிய உணவின் பக்குவம்.

'அத்தோ' என்று இன்று சென்னையில் வழங்கும் பெயர், கலந்து பிசைந்தது எனப் பொருள்படும் பர்மியச் சொல்லின் திரிபு. தடித்த நூடுல்சுடன் மெல்லியதாய் நறுக்கிய முட்டைக்கோசு, வெங்காயம், பொரித்த பூண்டு, புளிக்கரைசல், மிளகாய்த்தூள், நொறுக்கிய தட்டை ஆகியவற்றைச் சேர்த்து, வாடிக்கையாளர் கண்ணெதிரே கையால் பிசைந்து கொடுப்பர். கூடவே வாழைத்தண்டு சூப்பு. பர்மாவில் மீன் சாற்றோடு அரிசி நூடுல்சு சேர்த்து உண்ணும் 'மொகிங்கா'வில் வாழைத்தண்டு ஓர் உறுப்பு. சென்னைக் கடைகள் பலவற்றில் மீன் நீங்கி, தண்டு மட்டும் நின்றுவிட்டது. இது பிழையன்று, வாங்குவோரை அறிந்து செய்த மாற்றம். தம் மக்களுக்கு மட்டும் விற்றிருந்தால் அக்கடைகள் அக்குடியிருப்போடு நின்றிருக்கும்.

இவ்வுணவின் அமைப்பை நம் சகோதரிகள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். அத்தோ விற்பவர் முன்னால் சமைத்து முடித்த பண்டம் குவிந்திருப்பதில்லை. நறுக்கியது ஒருபுறம், பொரித்தது ஒருபுறம், வேகவைத்தது ஒருபுறம் எனத் தனித்தனியே இருக்கின்றன, கேட்டபின் கலக்கிறார். ஆதலால் மழை பெய்து கூட்டம் வராவிடினும் அன்று வீணாவது சிறிதே. பொரித்ததும் தட்டையும் மறுநாளைக்கு ஆகும். நூறு பேருக்குச் சாம்பார் சோறு கிளறிவைத்து அறுபது பேர் மட்டும் வந்த வீட்டாரின் நிலையோடு இதனை ஒப்பிட்டுப் பாருங்கள். மேலும், வாழைத்தண்டு என்பது தார் வெட்டியபின் நம் விவசாயிகள் பெரும்பாலும் வரப்பிலே சாய்த்துவிடும் பொருள் என்பதையும் மறத்தலாகாது.

கூட்டுறவாளர்களாகிய நாம் இவ்வரலாற்றில் பெருமைகொள்ளத் தக்க பகுதி மற்றொன்று உண்டு. பர்மாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் தாயகம் திரும்பியோரின் மறுவாழ்வுக்கென 1969 இல் தனியே ஒரு கூட்டுறவு வங்கி ஏற்பட்டது. ரெப்கோ வங்கி என இன்றும் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தென்மாநிலங்களில் இயங்கிவருவது அதுவே. ஈடு வைக்க நிலமோ, பரிந்துரை கூற உள்ளூர் உறவோ இல்லாதவருக்கு நாணயம் ஒன்றே ஈடு என்னும் கொள்கை கூட்டுறவுக்குப் பழையது. திரும்பி வந்தோருக்கு அது தேவையான காலத்தில் கிடைத்தது.

தனி ஒருவராய் இப்பாதையில் சென்றவர்களும் உளர். பெட்ரீஷியா நாராயண் அம்மையாரின் வரலாறு பலரும் அறிந்ததே. மணவாழ்வு முறிந்து இரு குழந்தைகளோடு பெற்றோர் வீடு திரும்பிய அவர், முதலில் ஊறுகாயும் பழக்கூழும் சர்பத்தும் வீட்டில் செய்து விற்றார். 1982 இல் மெரினாக் கடற்கரையில் தள்ளுவண்டிக் கடை வைத்தார். முதல் நாள் விற்றது ஒரே ஒரு குவளை காப்பி. விலை ஐம்பது காசு. பின்னர் அலுவலகச் சிற்றுண்டிச் சாலைகள், மாணவர் விடுதி உணவு எனப் படிப்படியாக வளர்ந்து, 2006 இல் சொந்த உணவகம் தொடங்கினார். 2010 இல் தொழில் முனைவோருக்கான தேசிய அளவிலான பரிசும் பெற்றார். காப்பி ஒன்று விற்ற கதையையே எல்லோரும் சொல்லி மகிழ்கின்றனர். நமக்கோ, கடற்கரைக்கு வருமுன் வீட்டிலிருந்தே ஊறுகாய் விற்றுப் பழகிய காலம் அதைவிட முக்கியமாகத் தோன்றுகிறது. விலை சொல்லவும், பாக்கி கேட்கவும் அவர் அங்கேதான் கற்றிருக்க வேண்டும்.

இனி, நமது தவற்றைக் கூறுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஆவடிக்கு அப்பால் ஒரு குடியிருப்பில் எட்டுச் சகோதரிகள் சேர்ந்து சமையல் தொடங்கினர். ஐவர் நெசவுக் குடும்பத்தினர். வேலை தேடி மேற்கேயிருந்து வந்தவர்கள். மூவர் அவ்வூர் விவசாயிகளின் வீட்டார். தொழிற்பேட்டையில் வேலை செய்யும் ஒடிசா இளைஞர்களுக்கு மதிய உணவு அனுப்புவதே நோக்கம். முதல் வாரம் அவர்கள் செய்த தால்மாவை உண்ட இளைஞர் ஒருவர் மிகுந்த மரியாதையோடு, "அக்கா, இது சாம்பார்" என்றாராம். புளி ஊற்றியிருந்தனர்! பருப்பு என்று ஒன்றிருந்தால் புளியும் இருக்க வேண்டும் என்பது நம் கை அறிந்த பாடம். பிறகு அவ்விளைஞரையே ஞாயிறன்று அழைத்துவந்து அடுப்பின் பக்கத்தில் உட்காரவைத்தனர். சீரகம், கடுகு, வெந்தயம், சோம்பு, கருஞ்சீரகம் ஆகிய ஐந்தையும் முழுதாகத் தாளிப்பதையும், சீரகமும் காய்ந்த மிளகாயும் வறுத்துப் பொடித்து இறுதியில் தூவுவதையும் அவர் காட்டினார். அடுத்த மாதம் உணவு கேட்போர் எண்ணிக்கை இருபதிலிருந்து அறுபது ஆயிற்று. அயலார் உணவைச் செய்ய விரும்புவோர்க்கு இதைவிடச் சிறந்த பள்ளி இல்லை. புத்தகத்தைப் பார்த்தும் கைப்பேசியில் படம் பார்த்தும் செய்வது தொடக்கத்துக்கு உதவும். அவ்வூரார் ஒருவர் உண்டு 'சரி' என்று சொல்லும்வரை அது அவ்வூர் உணவாகாது.

சமையலில் அவர்கள் வென்றனர். தோற்றது கணக்கில், அதில் நமக்கும் பங்கு உண்டு. ஆறாம் மாதம் அவர்கள் ஏட்டை நாம் பார்வையிட்டோம். நாள்தோறும் மிச்சம் காட்டியது. பாராட்டிக் குறிப்பெழுதிக் கையொப்பமும் இட்டோம். மூன்று மாதத்தில் அடுப்பு அணைந்தது. அந்த ஏட்டை மறுபடி எடுத்துப் படித்தபோதுதான் உண்மை விளங்கிற்று.

எளிதில் புரியும்பொருட்டு முழு எண்களாக ஒரு நாள் கணக்கைக் காட்டுகிறோம். அறுபது சாப்பாடு, ஒன்று 50 ரூபாய், வரவு 3,000 ரூபாய். அரிசி, பருப்பு, காய், எண்ணெய் 1,500, எரிவாயு 200, பொட்டலம் கட்ட 180, ஆட்டோ வாடகை 150. ஆகச் செலவு 2,030, மிச்சம் 970. ஏடு இத்தோடு நின்றது. ஆனால் அன்று மூவர் முறைவைத்து ஆளுக்கு ஆறு மணி நேரம் உழைத்திருக்கிறார்கள். மணிக்கு 50 ரூபாய் என்று மிகக் குறைவாகவே வைத்தாலும் அவர்களது கூலி 900. எஞ்சுவது 70. சமைத்த அறுபதில் ஐந்து விற்காமல் திரும்பினால் 250 ரூபாய் குறையும். மிச்சம் என்று எழுதிய இடத்தில் 180 ரூபாய் நஷ்டம் வந்து நிற்கிறது. அந்த நஷ்டத்தை யார் தாங்கினர்? காலை நான்கு மணிக்கு எழுந்த அம்மூவரின் உடம்பு தாங்கியது.

இதைக் கேட்டபோது அவர்களில் மூத்தவர் கூறினார்: "அது வீட்டு வேலைதானே சார். சமைக்கறதுக்கு என்ன கூலி?"

நெசவாளப் பெருமக்களே, இந்தப் பேச்சு நமக்குப் புதிதா? தறியில் அமர்ந்து ஊடை அடிப்பவருக்குக் கூலி எழுதுகிறோம். பக்கத்தில் இராட்டையோடு உட்கார்ந்து தார் சுற்றித்தரும் மனைவிக்கும் மகளுக்கும் எந்த ஏட்டில் எவ்வளவு எழுதினோம்? நூல் விலை, சாயம், பாவு ஓட்டிய செலவு என எல்லாம் கணக்கிட்டுச் சேலையின் விலையைக் கட்டும்போது அந்த உழைப்பு இனாமாகவே போய்விடுகிறது. தறி வீட்டில் பழகிய அதே கண்ணோடு அவர்கள் அடுப்பையும் பார்த்தனர். ஏட்டைப் பார்வையிட்ட நாமும் அவ்வாறே பார்த்தோம்.

நாளுக்கு நாள் அரித்துவந்த இக்குறையோடு பெருங்குறை ஒன்றும் சேர்ந்தது. உணவை மொத்தமாக எடுத்துக்கொள்வதாக ஓர் ஒப்பந்தக்காரர் வந்தார். நேர் வாடிக்கையாளர்களை விட்டுவிட்டு அவருக்கே அனுப்பினர். ஒரு மாதம் பணம் வந்தது. அடுத்த இரண்டு மாதமும் "வரும்" என்ற சொல்லே வந்தது. அரிசிக் கடைக்காரர் காத்திருக்கவில்லை. ஒரு சகோதரி மகள் திருமணத்துக்கென வைத்திருந்த நான்கு வளையல்களை அடகு வைத்துக் கடை பாக்கியைத் தீர்த்தார். அவ்வளையல்கள் மீளவில்லை. வாய்மொழியாகப் பேசிய ஒப்பந்தமாகையால் எங்கும் முறையிட ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. தொடக்கத்திலேயே, ஒரு வாரத்துப் பாக்கி தீராமல் மறுவாரம் உணவு இல்லை என்று தீர்மானம் எழுதி வைத்திருந்தால் இழப்பு ஒரு வாரத்தோடு முடிந்திருக்கும். அத்தீர்மானத்தை எழுதச் சொல்ல வேண்டியவர் நாம்.

இவ்விரண்டு குறைகளுக்கும் மருந்து எங்கேனும் கையாளப்பட்டதா என்று தேடினால், பம்பாய் நகரத்து லிஜ்ஜத் அப்பளச் சகோதரிகள் நினைவுக்கு வருகின்றனர். 1959 மார்ச்சு 15 ஆம் நாள் கிர்காம் பகுதியில் ஒரு கட்டடத்தின் மொட்டை மாடியில் ஏழு பெண்கள் எண்பது ரூபாய் கடன் வாங்கி நான்கு பொட்டலம் அப்பளம் இட்டனர். அவ்வெழுவரில் ஒருவரான ஜஸ்வந்திபென் போபட் அம்மையாருக்கு 2021 இல் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. தொடக்கத்தில் அவர்கள் உயர்ந்தது, மலிவானது என இரு தரம் செய்யலாயினர். அவர்களுக்கு வழிகாட்டிய பெரியவர் சகன்லால் பாரேக் அதனைத் தடுத்து, ஒரே தரம் போதும், கணக்கை ஒழுங்காக எழுதுங்கள் என்றார். முதலாண்டு மழைக்காலத்தில் அப்பளம் காயாமல் நான்கு மாதம் வேலை நின்றது. மறு ஆண்டு ஒரு கட்டிலும் ஒரு அடுப்பும் வாங்கி, கட்டில்மேல் அப்பளத்தைப் பரப்பிக் கீழே அடுப்பை வைத்து உலர்த்தினர். எத்துணை எளிய யோசனை! அங்கே பிசைந்த மாவை நிலையத்திலிருந்து வீட்டுக்குக் கொண்டுசென்று இட்டுவரும் சகோதரிக்கு இட்ட எடைக்குக் கூலி முதலில் கிடைக்கிறது. இலாபம் என்ற பேச்சு அதற்குப் பின்னரே. நம் எட்டுப் பேரின் ஏட்டில் தலைகீழாக இருந்தது இதுவேயாகும்.

உடனடியாகச் செய்யத் தக்கவை சிலவற்றைக் குறிப்பிடுகிறோம். உணவு விற்போர் சிறியவராயினும் உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி பதிவு செய்துகொள்ள வேண்டும். அளவு பெருகியபின் உரிமம் பெற வேண்டும். 2011 முதல் இந்த ஏற்பாடு நடைமுறையில் உள்ளது. வீட்டுச் சமையல்தானே என்று விட்டுவிட்டால், தொழிற்சாலைச் சிற்றுண்டிச் சாலைகள் நம்மிடம் கொள்முதல் செய்யத் தயங்கும். கைப்பேசி வழியாக ஆர்டர் பெற்றுத் தரும் நிறுவனங்களில் சேருவோர், அவர்கள் பிடித்துக்கொள்ளும் கழிவை விலை கட்டும்போதே சேர்க்க வேண்டும். விற்றபின் பார்த்துத் திகைப்பதில் பயனில்லை. காய்கறியை நம் விவசாய அங்கத்தினரிடமே வாரக் கணக்கில் விலை பேசி எடுத்தால் இருவருக்கும் நன்மை. பூசணி, வாழைக்காய், பப்பாளிக்காய், தண்டு ஆகியவை திருமழிசை, செம்பரம்பாக்கம் பக்கத்திலிருந்து வண்டிச் சத்தம் அதிகமின்றி வந்து சேரும். முதற்கண் ஒரே ஓர் ஊராரின் இரண்டு உணவுகளைத் திருத்தமாகச் செய்யுங்கள். ஒடிசா, பீகார், பர்மா, இலங்கை என நான்கையும் பலகையில் எழுதிவைப்பது பார்வைக்கு அழகாயிருக்கும். நான்கிலும் புளி விழும்.

அந்த எட்டுப் பேரில் நால்வர் சென்ற ஆண்டு மீண்டும் தொடங்கியிருக்கின்றனர். ஒப்பந்தக்காரர் எவரும் இல்லை. வாரத்தில் ஐந்து நாள் தால்மாவும் சோறும். சனிக்கிழமை மட்டும் வாழைத்தண்டு சூப்போடு அத்தோ. சாப்பாட்டின் விலை இப்போது 55 ரூபாய். மேலே கூறிய கணக்கில் ஐம்பத்தைந்து சாப்பாடே விற்றாலும் வரவு 3,025, கூலி உட்படச் செலவு 2,930, மிச்சம் 95. தொகை சிறிது, ஆனால் அது உண்மையான மிச்சம். விலையை ஏற்றியபோது ஆறு இளைஞர்கள் நின்றுவிட்டனர். இரண்டு வாரம் கழித்து நால்வர் திரும்பி வந்தனர். கணக்கேட்டின் மாதிரிப் படிவத்தை நாம் இம்முறை கையாலேயே கோடிட்டுக் கொடுத்திருக்கிறோம். அதில் செலவுப் பக்கத்தின் முதல் வரி அரிசி அன்று, கூலி. விரும்பும் சங்கங்களின் காரியதரிசிகள் எழுதிக் கேட்டால் படிவம் அனுப்பப்படும்.